மேசைப் பக்கம் காட்டிய கை

"உவன் ஏன் ஒவ்வொரு விசிலுக்கும் என்ரை பெட்டைக்குக் கை காட்டுறான்?"

மரியநாயகம் கதிரையை விட்டு எழும்பியே விட்டார். ஊர்காவற்றுறையில் கூடைப்பந்தாட்ட இறுதிப் போட்டி. புள்ளி எழுதும் மேசையில் அவருடைய மகள் அஞ்சலா. விசிலை ஊதி ஊதி அந்த மேசைக்கு முன்னால் ஓடிவந்து விரல்களைக் காட்டிக்கொண்டிருந்தவன் மத்தியஸ்தர் ஜெனிஸ்ரன்.

அஞ்சலாவுக்குப் பின்னால் யாரோ ஒரு பெடியன் திரிகிறான் என்று அவர்களின் ஊரான மண்டைதீவில் கதை அடிபட்டது. உண்மையென்றால் இன்றோடு இந்த மேசை வேலைக்கு முழுக்கு என்ற முடிவோடுதான், கடலுக்குப் போகாமல் பஸ் ஏறி வந்திருந்தார்.

"இருங்கோ அண்ணை," பக்கத்திலிருந்த விளையாட்டு ரீச்சர் கோசலா சிரித்தாள். "உது சட்டம். பவுல் விட்ட ஆளின்ரை நம்பரை மேசைக்கு விரலாலை காட்ட வேணும். என்ன பவுல் எண்டும் காட்ட வேணும். அவை எழுதுவினம். பவுல் கூடினா ஆள் வெளியிலை."

"நானும் ஊரிலை புட்போலுக்கு விசில் ஊதுறவன்தான் ரீச்சர். நாங்கள் ஒரு மேசைக்கும் கணக்குக் காட்டுறேல்லை. தோளோடை தோள் முட்டினா பேசாமல் விடுவம். பவுலைக் கண்டாலும், பந்து நல்ல பக்கமாப் போகுதெண்டா ஊதமாட்டம்." இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வீசிக் காட்டினார். "விளையாடு எண்டு விட்டிடுவம்."

இருந்தாலும் மனம் ஆறிவிட்டது. சட்டம் என்றால் சட்டம்தானே! கொஞ்ச நேரத்தில் அவரே விரல்களை வாசிக்கத் தொடங்கினார்.

"ஏழாம் நம்பர், கையிலை அடிச்சது. சரியோ ரீச்சர்?"

"சரி அண்ணை!"

"பன்னிரண்டாம் நம்பர், தள்ளினது."

பன்னிரண்டாம் நம்பர் தலையைத் தொங்கப்போட்டபடி வெளியே போனான்.

"அது விசில் ஊதுற றெவறியின்ரை சொந்தத் தம்பி அண்ணை."

"தம்பியையே வெளியிலை விட்டிட்டானோ? ஆம்பிளை!" மரியநாயகத்துக்கு ஜெனிஸ்ரனை நன்றாகவே பிடித்துவிட்டது. இப்படி நேர்மையாக விசில் ஊத அவரால்கூட ஏலாது.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஜெனிஸ்ரன் மேசையைப் பார்த்து ஐந்து விரல்களையும் விரித்தான். அஞ்சலா தலையாட்டினாள்.

"அஞ்சாம் நம்பர்," என்றார் மரியநாயகம். "என்ன பவுல் எண்டுதான் பிடிபடேல்லை."

கோசலா அவசரமாகத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் அஞ்சலா ஓடிவந்தாள். "அப்பா, நீங்கள் முன்னாலை போங்கோ. எனக்குக் கொஞ்சம் வேலை கிடக்கு. அஞ்சு மணி பஸ்ஸிலை வாறன்."

சொன்ன வேகத்திலேயே திரும்பி ஓடினாள். மைதானத்தில் இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தன. மரியநாயகம் ஒவ்வொரு சட்டையாகப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

இரண்டு அணியிலும் ஐந்தாம் நம்பர் சட்டையே இல்லை.

"அண்ணை..." கோசலாவின் குரல் இறங்கியது.

"பவுல்தான் ரீச்சர்," என்ற மரியநாயகம், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வீசினார். "விளையாடட்டும்."