வீட்டுல திட்டும்

"ஒண்ணோட பேரு, அதோட தொடர்புள்ள இன்னொண்ணைக் குறிச்சா அது ஆகுபெயர். உதாரணம் சொல்லுங்க" என்றார் முதியோர் கல்வி டீச்சர்.

"நம்ம மூட்டைக்காரர் தினமும் சொல்வாரே டீச்சர், 'லேட்டானா வீட்டுல திட்டும்'னு!" என்றார் பெயிண்டர். வகுப்பே சிரித்தது.

"அருமை! இங்க வீடுன்னா மனைவி" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு மூட்டைக்காரரிடம் திரும்பினார் டீச்சர். "அண்ணே, ஞாயித்துக்கிழமை நம்ம வகுப்பு ஆண்டு விழாவுக்கு வீட்டுலயும் கூட்டிட்டு வாங்க."

மூட்டைக்காரர் சுமை தூக்கிக் காய்த்துப்போன தோளைத் தடவிக்கொண்டார். எல்லோரும் போன பிறகும் அவர் பெஞ்சை விட்டு எழவில்லை.

"டீச்சர், அந்த உதாரணத்த அழிச்சிடுங்க. அது தப்பு."

"தப்பா? வீடு எப்படிண்ணே திட்டும், வீட்டுக்காரம்மாதானே திட்டுவாங்க?"

"திட்டாதும்மா. பூட்டைத் திறந்து உள்ள போனதும், 'ஏன்யா இவ்வளவு நேரம்?'னு நானே சத்தமா கேட்டுக்குவேன். எனக்கு வீடுன்னா வெறும் வீடுதான்."