ஓரம் கோணிய ஸ்கார்ஃப்

"உள்ளே எங்கம்மா நெஞ்சைத் திறந்து வெச்சிருக்காங்க. இங்கே உனக்குப் பின்னல் கேக்குதா?"

தம்பி பெண்டாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடியில் கருநீலமும் மஞ்சளுமாக இரண்டு நூல் உருண்டை. கையில் குரோஷா ஊசி.

"சும்மா உக்காந்திருக்கிற நேரம்தானே அண்ணி?"

சும்மாவா! நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர். உட்கார்ந்த இடத்தில் இரண்டு நிமிஷம் தாங்காது. பஸ் பிடித்து அவள் வந்து சேர்வதற்குள் அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அதிலிருந்து ஒரே ஓட்டம்தான். வாசலுக்கு, வரவேற்பு மேஜைக்கு, மறுபடி தியேட்டர் கதவுக்கு.

கதவை மறுபடியும் தட்டினாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அம்மா, இது மூணாவது தடவை. இன்னொரு தடவை தட்டினீங்கன்னா செக்யூரிட்டியைக் கூப்பிட்டு வெளியே அனுப்பிடுவேன். அப்புறம் உள்ளேயே விடமாட்டாங்க."

பம்பரம் வந்து நாற்காலியில் விழுந்தாள்.

"அத்தை சொல்லிட்டுப் போயிருக்காங்க அண்ணி," என்றாள் சின்னவள் மெதுவாக. "கண்ணு முழிக்கிறப்போ எதிர்ல நீங்க நிக்கணுமாம்."

"எனக்குத் தெரியாதா? நீ உன் வேலையைப் பாரு!"

சின்னவள் உடனே அவள் வேலையைப் பார்த்தாள். ராட்சசி! கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகிறது. மாமியார் மேல் ஒட்டு உறவு எங்கிருந்து வரும்? தம்பி பாவம், மருந்துக் கடைக்கும் இங்கேயுமாக நாயாக அலைகிறான். இவள் மகாராணி மாதிரி உட்கார்ந்து ஸ்கார்ஃப் போடுகிறாள்.

பம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நகத்தைக் கடித்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். கண் மட்டும் அந்தப் பின்னலுக்கே போனது.

"ஏம்மா, என்ன பண்றே நீ?"

"ஸ்கார்ஃப் அண்ணி."

"ஸ்கார்ஃபா, கொடியா? கீழே அகலமா இருக்கு, மேலே போகப் போகக் கூராயிட்டு வருது. கம்பத்துல கட்டிப் பறக்க விடப்போறியா?"

"அப்படியா இருக்கு?" சின்னவள் தூக்கிப் பார்த்தாள். "ஆமா, எப்படி ஆச்சு?"

"எப்படி ஆச்சா? ஒவ்வொரு வரி முடிவுலயும் கடைசிக் கண்ணியை விட்டுட்டுத் திரும்புறே. அந்த மஞ்சளை எங்கே சேர்த்தே? கடைசிக் கண்ணியை முடிக்கிறப்பவே அடுத்த நிறத்தை இழுக்கணும். இல்லேன்னா இப்படித்தான், பட்டை பட்டையா வராம பல் இளிக்கும்."

"சரி அண்ணி."

சின்னவள் தலையாட்டிவிட்டு, அடுத்த வரியிலும் கடைசிக் கண்ணியை அழகாக விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அட கஷ்டகாலமே! கொண்டா இப்படி!"

வெடுக்கென்று பிடுங்கினாள் பம்பரம். சரசரவென்று அடிவரை பிரித்தாள். பள்ளிக்கூட நாளில் பின்னல் போட்டியில் கப் வாங்கிய கையாக்கும் அது.

"நல்லாப் பாத்துக்கோ. ரெண்டு இழையிலயும் குத்தாதே. கண்ணியோட பின்பக்க இழையில மட்டும் ஊசியை விடு. மேடும் பள்ளமுமா எப்படி எழும்புது பாரு. ரெண்டு வரி நீலம், ரெண்டு வரி மஞ்சள். இதுல என்ன கம்பசூத்திரம்?"

"இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி. மண்டையில ஏறல."

"ஏறாது, ஏறாது."

திட்டிக்கொண்டே போட்டாள். தம்பி கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனது. வாசலில் ஆம்புலன்ஸ் அலறியது. அவள் நிமிரவில்லை. நடுநடுவே ஊசி நின்று கண் கதவுப் பக்கம் போகும்போதெல்லாம், "இந்த இடம் புரியல அண்ணி," என்று சின்னவள் எதையாவது கேட்டாள். ஏசிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். ஸ்கார்ஃப் முழங்காலைத் தாண்டித் தரையைத் தொட்டது.

கதவு திறந்தது.

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். "நல்லபடியா முடிஞ்சுது. நாளைக்குக் காலையிலதான் மயக்கம் தெளிய வைப்போம். அதுவரைக்கும் தூங்கட்டும்."

பம்பரம் ஸ்கார்ஃபில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தம்பி தோளைப் பிடித்துக்கொண்டான்.

பின்னாலேயே வந்த நர்ஸ் ஒரு பையை நீட்டினாள். "உங்கம்மாவோட மூக்குக்கண்ணாடி, சால்வை. உள்ளே போறப்போ சால்வையைக் கழட்டவே மனசில்லை அவங்களுக்கு. மருமகள் கையால போட்டதாம். பத்திரம், பத்திரம்னு நூறு தடவை சொன்னாங்க."

பம்பரம் சால்வையை விரித்தாள்.

மெல்லிய நூல். வெள்ளையும் பச்சையுமாகப் பட்டைகள். மேடும் பள்ளமும் அலை அலையாக எழும்பியிருந்தன. ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு கண்ணி குறையவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் தலையைக் குனிந்து, தீர்ந்துபோன நூல் உருண்டையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

பம்பரம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதே பழைய அதட்டலில் சொன்னாள்:

"ஏம்மா, விடியறவரைக்கும் இங்கேதானே உக்காந்திருக்கணும்? புது நூல் வாங்கி இன்னொண்ணு ஆரம்பி. ஓரத்தை முதல்ல போட்டதைவிட மோசமாக் கோணலாக்கிக் கொடு!"