போர்வை மடிக்கும் பாட்டு

யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் குளிர் நகரத்துக்கு வந்த தவராசா, ஏழு வருடங்களாக, கதை முழுவதையும் பாடியே நடிக்கும் ஓர் ஓபரா அரங்கில் திரை இறக்கும் வேலை பார்த்தார். மேடையில் பாடியதை அவர் கேட்டதே இல்லை. காதில் எப்போதும் கிரிக்கெட் வர்ணனைதான். விளக்குகளைக் கவனிக்கும் சுபோதினி கையைக் காட்டினால் பொத்தானை அழுத்துவார். ஒருமுறை திரை இறக்கப் பிந்தியதற்கு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்கியிருந்தார்.

அன்று மதியம் நடந்தது யாரும் கேள்விப்படாத ஒரு பழைய ஓபரா. பார்க்க முப்பது பேர்கூட வரவில்லை. முடிகிற நேரத்தில் கைபேசி அணைந்துபோக, தவராசா வேறு வழியின்றி மேடையைப் பார்த்தார். சண்டை பிடித்த கணவனும் மனைவியும் ஆளுக்கொரு முனையில் நின்று பெரிய வெள்ளைப் போர்வையொன்றை மடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலேயே திட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஓரடி நெருங்கினார்கள். குரலும் கொஞ்சம் தணிந்தது. அந்த மொழி தெரியாத தவராசாவுக்கும் எல்லாம் விளங்கியது. கடைசி மடிப்பில் நான்கு கைகளும் ஒன்றையொன்று தொட்டன. பாட்டு முடிந்தது.

சுபோதினி கையைக் காட்டினாள். திரை இறங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பாடகி சிரித்துவிட்டாள். பிறகு போர்வையை உதறி மறுபடி விரித்தாள். வாத்தியக்காரர்கள் பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்கள். போவதற்கு எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள்.

சுபோதினி ஓடி வந்தாள். "அண்ணை, திரையை இறக்குங்கோ! மனேஜர் ஏறி வாறார்!"

"வரட்டும் பிள்ளை," என்றார் தவராசா, மேடையிலிருந்து கண்ணெடுக்காமல். "வந்து அவரும் பாக்கட்டும்."