மாஸ்டரின் எச்சில்

தையல் மாஸ்டர் துணியில் துப்பியதை அந்த அம்மா தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

அது ஏதோ ஒரு துணியும் இல்லை. இன்று சாயங்காலம் அவள் மகள் மேடையேறிப் பாடும்போது போட வேண்டிய வெள்ளைப் பாவாடை. பன்னிரண்டு முக்கோணத் துண்டுகளைச் சேர்த்து, இடுப்பில் ஒடுங்கிக் கீழே குடை மாதிரி விரியத் தைத்தது. வாங்கிப் போக வந்தவள் பொறுமையில்லாமல் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்ததில்தான் இந்தக் கண்றாவி.

"என்ன மாஸ்டர் இது, என் பொண்ணு போடுற துணியில எச்சில் துப்புறீங்க?"

மாஸ்டர் பாவாடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துத் திருதிருவென்று முழித்தார். அது போதாதா? அந்த அம்மா போட்ட சத்தத்தில் முதலாளியம்மாவே வந்துவிட்டாள்.

முதலாளியம்மா வந்தால் அந்தக் கடையில் மெஷின்கள்கூட அடக்கி வாசிக்கும். பாவாடையை வாங்கி விரித்தாள். கீழ் மடிப்பில் மிளகளவு ரத்தம், சுற்றிலும் ஈரம்.

"ஊசி குத்திடுச்சும்மா," என்றார் மாஸ்டர். "அவங்கவங்க ரத்தக்கறையை அவங்கவங்க எச்சில் எடுத்துடும். தொழில்ல எல்லாரும் செய்யறதுதானே. அதான் துப்பினேன்."

முதலாளியம்மா கறையை விரலால் தடவிப் பார்த்தாள். போன வாரம்தான் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் சட்டம் போட்டிருந்தாள். வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டால், அது யார் ரத்தமோ அவருக்கு அன்றோடு வேலை இல்லை. வாடிக்கையாளர் கண்ணிலும் படும்படி அதைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். முப்பது வருஷ மாஸ்டரை அவளால் அனுப்ப முடியாது என்பது வேறு விஷயம்.

"சரி, எடுங்க பார்ப்போம்."

மாஸ்டர் மறுபடி எச்சில் வைத்துத் தேய்த்தார். கறை கொஞ்சம் பரவியதே தவிரப் போகவில்லை. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். கச்சேரிக்கு இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை.

அப்போதுதான் அவள் மாஸ்டரின் விரல்களைக் கவனித்தாள். பத்து விரலிலும் ஒரு கீறல் இல்லை.

மூலையில், பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழ் மடிப்புகளைக் கையால் தைப்பதும் அவள்தான். வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. பால் பண்ணையில் இருந்த புருஷனை மாடு தொடையில் குத்திக் கிழித்து, அவன் மூன்று மாதமாகப் படுக்கையில். அந்த அம்மா அளவு கொடுக்க வந்த அன்று காஜாக்காரியே சொன்னதுதான். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்றும் சொல்லியிருந்தாள். இப்போது அவள் இடது கை மடிக்குள் ஒளிந்திருந்தது.

அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மாஸ்டரைத் திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"என் ரத்தமா இருக்கும்ங்க," என்றாள் திடீரென்று. "திரையை விலக்கி உள்ளே வந்தப்போ பாவாடையைத் தொட்டேன். ஊசி குத்தின மாதிரி இருந்துச்சு."

அவளுக்கே நம்பிக்கை இல்லாத பொய். மாஸ்டர் வாயைப் பிளந்தார்.

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு சொட்டு ரத்தத்துக்கு ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடுறீங்க."

நேராக மூலைக்குப் போய்ப் பாவாடையைக் காஜாக்காரியின் மடியில் போட்டாள்.

"நீ எச்சில் வை."

காஜாக்காரி பாவாடையை முகத்தருகே கொண்டுபோனாள். நாக்கு உலர்ந்து எச்சில்கூடச் சட்டென்று வரவில்லை. எப்படியோ வைத்துத் தேய்த்து, குளிர்ந்த தண்ணீரில் அலசினாள். இரண்டே நிமிஷத்தில் கறை இருந்த இடம் தெரியவில்லை. அந்த அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நான் கிளம்பறேம்மா," என்று காஜாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கே கிளம்பறே? உட்காரு."

முதலாளியம்மா தன் சாவிக்கொத்தில் கோத்திருந்த, ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டும் பழைய இரும்புத் தொப்பியைக் கழற்றி, காஜாக்காரியின் குத்துப்பட்ட விரலில் தானே மாட்டிவிட்டாள்.

"நான் காஜா எடுத்த காலத்துல போட்டது. சட்டம் போட்ட அன்னிக்கே உனக்கு இதைக் குடுத்திருக்கணும். தப்பு என்னோடது."