முன்பு வந்த நோய்கள்

“பயப்படாதேங்கோ. நானும் லோதி ரோடு குவார்ட்டர்ஸ்தான்” என்றான் கஸ்தூரிரங்கன், சீட்டில் அவள் விலாசத்தைப் பார்த்துவிட்டு. பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ருக்குவின் முகம் சட்டென்று மாறியது. டெல்லியில் தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

எழுபத்தெட்டாம் வருஷம். கஸ்தூரிரங்கன் பல் மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். கருவிகளை இருபது நிமிஷம் கொதிக்க வைக்காமல் தொட மாட்டான். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் அந்த இருபது நிமிஷத்தில் ஒரு நிமிஷம் குறையாது.

ருக்குவுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கடைவாய்ப் பல் சொத்தை. கூட வந்திருந்த கணவன் ராமமூர்த்தி மத்திய அரசில் குமாஸ்தா. பல்லை எடுப்பதற்கு முன்னால் அவள் உடம்பைப் பற்றிச் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்று கஸ்தூரிரங்கன் சொன்னதும், தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி ராமமூர்த்தி வராந்தாவுக்குப் போய்விட்டான்.

சர்க்கரை இல்லை, ஆஸ்துமா இல்லை. சின்ன வயதில் மூட்டு வலியோடு காய்ச்சல் வந்ததா, இதயத்தில் கோளாறு என்று யாராவது சொன்னதுண்டா என்று கேட்டபோது ருக்கு வாசல் பக்கம் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

பெஞ்சில் காத்திருந்தவர்கள் “ஜல்தி, பையா” என்று இந்தியில் அவசரப்படுத்தி முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த அவசரத்தில், ‘முன்பு வந்த நோய்கள்’ என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டான்.

ராமமூர்த்தி திரும்பி வந்து, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்றா என்று விசாரித்தான். ஆயிற்று என்றதும் பாரம் இறங்கியவன்போல மூச்சுவிட்டு, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். பல் சுலபமாக வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் ருக்குவுக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்று பத்து நாள் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, மூச்சுவாங்க ஆரம்பித்த பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா சொல்லித்தான் கஸ்தூரிரங்கனுக்கு விஷயம் தெரிந்தது. பார்க்கப் போனவனிடம், அவள் ரத்தத்தில் வளர்ந்த கிருமியின் பெயரை வார்டு டாக்டர் சொன்னார்.

இரண்டாம் வருஷத்தில் மைக்ரோஸ்கோப்பில் சங்கிலி சங்கிலியாகப் பார்த்த கிருமி. அது கருவியிலிருந்து வந்ததல்ல. எல்லார் வாயிலும் சாதுவாகக் கிடப்பது. பல்லைப் பிடுங்கும்போது ரத்தத்தில் கலக்கும், நல்ல இதயத்தை ஒன்றும் செய்யாது. சின்ன வயதில் அந்த மூட்டுவலிக் காய்ச்சல் வந்து வடுப்பட்ட இதய வால்வு இருந்தால் மட்டும் அங்கே ஒட்டிக்கொண்டு அரிக்க ஆரம்பித்துவிடும். முன்பே தெரிந்திருந்தால் பெனிசிலின் ஊசி போட்டுவிட்டுப் பல்லைத் தொட்டிருப்பான்.

ராமமூர்த்தி மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் ருக்கு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பத்து வயதில் காய்ச்சல் வந்தது. வால்வு கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கல்யாணம் நிச்சயமானதும், யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அம்மா கட்டளையிட்டிருந்தாள். அன்றைக்கு நாற்காலியில் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாளாம். அவனும் லோதி ரோடு என்றதால், அவன் அம்மா வழியாக மாமியார் காதுக்கும் கணவர் காதுக்கும் போய்விடுமே என்று பயந்துவிட்டாளாம்.

“நான் ஏமாத்தினேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். ரொம்ப நல்லவர். தாங்க மாட்டார். சொல்லிடாதேங்கோ” என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்து கொடுத்தான். அதிலிருந்து ஒன்பதாம் நாள் ருக்கு இறந்துபோனாள்.

கல்லூரியில் விசாரணை நடந்தது. பேராசிரியர் அந்தக் காலிக் கட்டத்தில் விரலை வைத்து, கேட்டாயா இல்லையா என்றார். கேட்டேன், இல்லை என்றாள் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் அந்தப் பதில் ராமமூர்த்தி வரைக்கும் போய்ச் சேரும். அவள் பிறந்த வீட்டில் விசாரிப்பார்கள், அவள் தெரிந்தே மறைத்தது வெளியே வந்துவிடும். கேட்க மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தான்.

அந்த வருஷம் அவனைப் பரீட்சை எழுத விடவில்லை. அப்பா அவனோடு பேசுவதை நிறுத்தினார். ஒரு சின்னப் பெண்ணைக் கொன்றுவிட்டான் என்று குவார்ட்டர்ஸில் அவன் காதுபடவே பேசினார்கள்.

ஒரு மாதம் கழித்து ராமமூர்த்தி அவனைத் தேடிக்கொண்டு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாமென்று மறுத்து, வாசலிலேயே நின்றான்.

“எல்லாம் கேட்டாச்சுன்னு அன்னிக்கு நீங்களே சொன்னேள். அப்புறம் ஏன் கேக்கலைன்னு எழுதிக் கொடுத்தேள்?”

கஸ்தூரிரங்கன் தரையைப் பார்த்தான். அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டதாகச் சொன்னான். கேட்டிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது, அப்படி ஒரு வியாதி இருந்தது பாவம் அவளுக்கே தெரியாது என்றான்.

ராமமூர்த்தி அவன் தோளில் மெதுவாகக் கை வைத்தான்.

“அவளா சொல்லட்டும்னுதான் அன்னிக்கு வராந்தாவில காத்துண்டிருந்தேன், டாக்டர். அவ அப்பா கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டார்.”