இம்மியும் குறையாமல்

ஜிப் இடுப்பு வரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது.



"மூச்சை இழுத்துக்க பாப்பா," என்றாள் முதுகுப் பக்கம் நின்ற தையல்கார அக்கா. நடிகைகள் எல்லோருமே அக்காவுக்குப் பாப்பாதான். முப்பத்தெட்டு வயது முன்னாள் கதாநாயகி மட்டும் விதிவிலக்கா என்ன?

இழுத்தாள். ஜிப் ஏறியது. சிவப்பு கவுன், போன சனிக்கிழமை பிடித்த அதே பிடியாக அவள் விலாவைப் பிடித்தது. அதற்கு முந்தின சனிக்கிழமையும் இதே பிடிதான்.

ஆறு வாரம். காலையில் அரை ஆப்பிள், ராத்திரி வெந்நீர், நடுவில் ட்ரெட்மில்லில் நாய் படாத பாடு. அத்தனைக்கும் இம்மி குறையவில்லை என்றால் இந்த உடம்பை என்னதான் செய்வது?

இந்த டிவி போட்டிக்கு இளைக்க வந்த ஏழு முன்னாள் கதாநாயகிகளுக்கும் ஆளுக்கொரு கவுன், வாராவாரம் அதேதான். மற்றவர்களுக்கு அது உடுப்பு. அவளுக்கு அது தராசு. போட்டியாளர்கள் தங்கும் வீட்டில் எடை மெஷினைக் கண்ணில் காட்டமாட்டார்கள். அதெல்லாம் கடைசி நாள் மேடையில், ஊரே பார்க்க.

அந்தக் கடைசி நாள் இன்று.

கண்ணாடியை அவள் நம்புவதில்லை. அதில் எப்போதும் ஒரே குண்டுப் பெண்தான் நிற்கிறாள். அம்மாவையும் நம்ப முடியாது. வீடியோ காலில் வந்தாலே, எலும்பும் தோலுமாய் ஆகிவிட்டாய் என்று ஒப்பாரி. பெற்றவள் கண்ணுக்குப் பிள்ளை என்றைக்குத்தான் தேறித் தெரிந்திருக்கிறது? கவுனுக்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது.

முதல் வாரம் அவள் நடந்து வந்தபோது, "மேடை தாங்குமா?" என்று கேட்டார் நடுவர். அரங்கமே சிரித்தது. அவளும் சிரித்துத் தொலைத்தாள். ஒரு காலத்தில் அவளைக் 'கன்னக்குழி' என்று தலையில் தூக்கி வைத்து ஆடிய ஜனங்கள், அந்தச் சிரிப்பைத் துண்டு வீடியோவாக வெட்டியெடுத்து இன்னும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

யாரோ கதவைத் தட்டி, ஐந்து நிமிடம் என்றார்கள்.

அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "ஒண்ணுமே குறையலக்கா. வந்தப்ப இருந்த மாதிரியே இருக்கு. இன்னைக்கு என் மானம் போகப்போகுது."

அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கே கதை! நீ இளைக்க இளைக்க, வாராவாரம் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைக்கிறது யாராம்? தொளதொளன்னு தொங்கினா டிவியில நல்லாவா இருக்கும்? அளவெடுக்கக்கூட வேண்டாம், எனக்குப் பார்த்தாலே போதும்."

பெருமை தாங்காமல் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி, பக்கவாட்டுத் துணியைப் புரட்டிக் காட்டினாள். உள்ளே சிவப்புத் துணி மடிப்பு மடிப்பாகப் பிதுங்கியது. வரிசையாகத் தையல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

"இனிமே பிடிக்கத் துணியில்ல பாப்பா," என்று சிரித்தாள் அக்கா.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு மடிப்பில் போய்விட்டதென்றால், உடம்பில் எவ்வளவுதான் மிச்சம்?

இவ்வளவு நாள் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று தோன்றியது.

சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று கேட்டாள். அக்கா பதறிப்போய்த் தன் பையைத் துழாவி ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள்.

வெளியே அவள் பெயரை அறிவித்தார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கடித்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

விழுங்க வரவில்லை.