சாய்ந்த வீடும் அதன் கொக்கியும்

ஆம்ஸ்டர்டாமின் நெரிசலான தெரு ஒன்றில், இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டி நிற்க, நடுவில் இருந்த ஒல்லி வீடு விற்பனைக்கு வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "முன்பக்கம் தெருவைப் பார்த்து சாய்ஞ்சிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு மானமே போய்விட்டது. உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கொக்கியிடம், "நாளைக்கு யாராவது வந்தா நான் நிமிர்ந்து நிக்கப் போறேன்" என்றது.

"அந்த வேலை மட்டும் வேண்டாம். உன்னைக் கட்டினவன் வேணும்னுதான் சாய்ச்சுக் கட்டினான்," என்றது கொக்கி.

"நீ துருப்பிடிச்ச ஆளு. உனக்கென்ன தெரியும்."

மறுநாள் ஃபென்னாவும் அவள் கணவன் யோரிஸும் வந்தார்கள். வீடு மூச்சைப் பிடித்து நிமிரப் பார்த்தது. ஒரு செங்கல்கூட அசையவில்லை.

உள்ளே மாடிப்படி ஏணி மாதிரி குறுகலாக, செங்குத்தாக இருந்தது. "நம்ம பீரோ இதுல ஏறவே ஏறாது," என்றான் யோரிஸ்.

ஃபென்னா மேல்மாடி ஜன்னலைத் திறந்து கொக்கியைப் பார்த்தாள். கழுத்தில் சுற்றியிருந்த நீளமான கம்பளித் துண்டை வெளியே தொங்கவிட்டாள். அது சுவரில் படாமல் தள்ளியே தொங்கியது.

"வீடு முன்னால சாய்ஞ்சிருக்கிறதால, இந்தக் கொக்கியில கயிறு மாட்டி பீரோவை வெளிப்பக்கமா மேல இழுத்தா எங்கயும் உரசாது. இதையே வாங்கிடலாம்," என்றாள்.

குடிவந்த அன்று தெருவே வேடிக்கை பார்க்க, பீரோ கயிற்றில் ஆடி ஆடி மேலே போனது. ஒரு ஜன்னலிலும் இடிக்கவில்லை.

"என்ன, இன்னும் நிமிரணுமா?" என்று கேட்டது கொக்கி.

"பேச்சை விடு," என்றது வீடு. "பீரோவைக் கெட்டியாப் பிடி."